ஆளில்லாத இடத்துக்கு

கோல் எல்லாம் என் பெயரில்.
தொண்ணூற்றேழில் மட்டும் பத்தொன்பது.
பத்திரிகைத் துண்டுகளை உம்மா
அரிசி வாளி மூடியின் உட்பக்கம் ஒட்டியிருந்தா.
ஒன்றில்கூட இல்லை கமிலஸ்.
பந்தைக் கொடுத்தவனின் பெயரை எழுத
அந்த நாளையில் ஒரு கட்டம் இருக்கவில்லை.

அவன் என்னைப் பார்த்து அடித்ததேயில்லை.
சொன்னால் சிரிக்கிறார்கள்.
நான் நின்ற இடத்துக்குப் பந்து வந்தது கிடையாது;
நான் நிற்காத இடத்துக்கு வரும்,
புல்லோடு புல்லாக, அவசரமில்லாமல்.
ஓடித்தான் ஆகவேண்டும்.
ஓடினால் அங்கே
பந்தும் நானும் மட்டும்.
"எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன் ஒருநாள்.
"நீ பாதைக்கு ஓடுற ஆள்தானே" என்றான்.

உண்மைதான்.
கிண்ணியாவுக்குக் கடைசிப் பாதை ஆறு மணிக்கு.
சீனன்குடாச் சாவடியில் பஸ்ஸால் இறங்கி, கைதூக்கி, நடந்து ஏறி,
துறையடியில் கயிறு அவிழ்க்கிற சத்தம் கேட்டு
பூட்ஸைக் கழுத்தில் கொழுவிக்கொண்டு
எத்தனை நாள் ஓடியிருப்பேன்.
பாதை விட்ட இரவுகளில்
உட்துறைமுக வீதியில் அவன் வீட்டில் படுக்கை.
எனக்கென்று ஒரு தனிச்சட்டி வைத்திருந்தா அவன் தாய்,
பன்றி படாத சட்டி,
கைப்பிடியில் பச்சை நூல் கட்டி.

கொழும்புக் கிளப் ஒன்று
அவனைத்தான் கேட்டது, என்னையல்ல.
எரிந்தது எனக்கு. அதையும் எழுதத்தான் வேண்டும்.
ஏழு ஆட்டம்.
எட்டாவதில், குருநாகல் சேற்றில்,
முழங்காலுக்குள் ஈரக் கயிறு அறுவதுபோல் கேட்டதாம்.
கேட்டது என்றுதான் சொல்வான்,
நொந்தது என்று சொல்லமாட்டான்.
இரவு ரயிலில் வந்தான்.
கல்லோயாவில் பெட்டி மாறும்போது
காலைத் தூக்கி வைக்க
ஒரு சிப்பாய் கைகொடுத்தானாம்.
அவ்வளவுதான் விளையாட்டு.

பிறகு பள்ளிக்கூடம்.
தொண்டர் ஆசிரியர், பதினொரு வருடம்,
நியமனம் வரும் வருமென்று.
விசில் சொந்தக் காசு. பந்திலும் பாதி.
மாலையில் முதல் வேலை மான்களைக் கிளப்புவது:
கோட்டைப் பக்கமிருந்து வந்து
நடுக்கோட்டில் படுத்திருக்கும்,
என்ன செய்வாய் என்கிற முகத்தோடு.
பெடியள் கத்துவார்கள்.
அவன் நொண்டிக்கொண்டு ஒரு பக்கமாய் நடப்பான்,
அவை மறுபக்கம் எழும்பிப் போகும்.
அதுவும் ஒரு பாஸ்தான்.

போன வெள்ளி அரையிறுதி, மூதூரோடு.
ஜும்மா முடிந்து ஒரு ஹயர் ஓடிவிட்டு
ஆட்டோவை மதிலோரம் நிறுத்திப் பார்த்தேன்.
ஒன்றுக்கு இரண்டு, பின்னால் நிற்கிறார்கள்.
கடைசி நிமிடங்கள்.
கிருஷாந்தன் என்றொரு மெலிந்த பெடியன்
தலையே தூக்காமல் தட்டினான் பந்தை
ஆளில்லாத இடத்துக்கு.
போனது, போனது,
கொடிக்கம்படியால் வெளியே உருண்டு
கச்சான் வண்டிச் சில்லில் முட்டி நின்றது.
"ஆருக்கடா அடிச்சனீ!" சனம் கூவியது.
அதிபர் நெற்றியில் கைவைத்தார்.
கமிலஸ் கைதட்டினான்.
இரண்டே இரண்டு தரம்.

என் பிளேன்ரீ பாதி காற்சட்டையில்.
யாரும் தள்ளவில்லை.
வலது கால்தான்,
ஐம்பது தாண்டிய சீனி வருத்தக் கால்,
தன்பாட்டில் ஓரடி எடுத்து வைத்திருந்தது.

தோற்றார்கள்.
அவன் மதில் பக்கம் திரும்பவில்லை;
நான் வந்ததே தெரியாதென்று நினைக்கிறேன்.
அலஸ்தோட்டம் போக ஒரு குடும்பம் ஏறியது.
மீற்றர் போட மறந்துவிட்டேன்.
சாம்பல்தீவுப் பாலத்தில் காற்று முகத்தில் அடிக்க
பின்னாலிருந்து அந்த மனிசி தோளைத் தட்டினா:
"அண்ணே, எங்கட இடம் எப்பவோ போட்டுது."